பார்த்ததாகச் சொன்ன அரண்மனை

துலாம் மாதம் 3, புதன்.

காலையிலிருந்து தூறல். துணி உலரவில்லை. பத்து மணிக்குப் பார்வதி வந்தாள். என்னிடம் படித்தவள், நான் ஓய்வு பெற்ற அதே பெண்பள்ளியில் இப்போது டீச்சர். வரும் ஞாயிறு பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறோமாம். என் பழைய மாணவிகளும் இப்போது படிக்கும் பெண்களுமாகப் பதினெட்டு பேர். மோட்டார் பஸ் பேசியாகிவிட்டது. அரண்மனையை மியூசியம் ஆக்கி எல்லோரையும் உள்ளே விடுகிறார்கள்.

"வழி காட்ட ஆள் வேண்டாம்னு சொல்லிட்டேன் டீச்சர். நீங்க முன்னால நடந்தா போதும். நீங்க கண்ட மாதிரியே எங்களுக்கும் காணணும், கேட்டோ."

சரி என்றேன். காபி கொடுத்தேன். அவள் போனபின் டம்ளரைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்துவிட்டேன்.

நான் அந்த அரண்மனையைப் பார்த்ததே இல்லை.

துலாம் 4, வியாழன்.

மழை இல்லை. புழுக்கம். சரியான தூக்கமும் இல்லை.

இங்கே மட்டுமாவது உள்ளபடி எழுதிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். ராஜாக்கள் பாடம், அதில் இந்த அரண்மனை. கடைசி பெஞ்சில் பள்ளி இன்ஸ்பெக்டர். ஒரு குட்டி எழுந்து, "டீச்சர் கண்டிட்டுண்டா?" என்றாள். "ஓ, பார்த்திருக்கேனே!" அதோடு நிறுத்தியிருக்கலாம். அங்கே கறுப்புத் தரை கண்ணாடிபோல் இருக்கும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். அந்தத் தரையில் முகம் பார்த்துக் கோணல் பொட்டைச் சரிசெய்துகொண்டேன் என்று சேர்த்தேன். வகுப்பே சிரித்தது. இன்ஸ்பெக்டரும். பிறகு வருஷா வருஷம் கேட்டார்கள், சொன்னேன். இருபத்தாறு வருஷம். பூட்டிய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எதை வேண்டுமானாலும் சொல்லலாம். இப்போது திறந்துவிட்டார்கள்.

பயங்கள்:

1. வாசலில் "எந்தப் பக்கம் டீச்சர்?" என்பார்கள். இடமா வலமா, தெரியாது.

2. தரையில் முகம் தெரியாவிட்டால்?

3. இது பெரிது. ஒரு பொய் வெளிப்பட்டால் நான் சொல்லிக்கொடுத்த மற்றதெல்லாம்? கூட்டலில் ஓர் இலக்கம் தப்பினால் விடை முழுதும் தப்புகிறதே, அப்படி. பொய் சொன்னதற்காக எத்தனை பேரைப் பெஞ்சுமேல் ஏற்றியிருக்கிறேன்!

தங்கை காந்திமதியிடம் மட்டும் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமலே வந்துவிட்டது. "காய்ச்சல்னு படுத்துக்கோ அக்கா. பிள்ளைங்க உன்கிட்ட இதையே எத்தனை தடவை சொல்லியிருக்கும்!"

நல்ல யோசனையாகத் தோன்றுகிறது. வெட்கமாகவும் இருக்கிறது.

துலாம் 5, வெள்ளி.

சாயங்காலம் இடி. காய்ச்சல் என்று பா.வுக்குச் சொல்லியனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் குடையும் கஷாயப் பொடியுமாக நேரில் வந்து நிற்கிறாள். நெற்றியில் கை வைத்தாள்.

"சூடே இல்லையே டீச்சர்."

சொல்லிவிட்டேன். முழுவதும். சுவரைப் பார்த்துக்கொண்டு.

திரும்பினால் அவள் முகம் வெளுத்திருக்கிறது. கோபம் என்று நினைத்தேன்.

"டீச்சர்… நானும் கண்டேன்னு சொல்லிட்டேன் கிளாஸில. பொட்டு சரியாக்கினது நான்தான்னு. நாலு வருஷமா. ஞாயிறு வர்றதில ஆறு பேர் என் கிளாஸ் குட்டிகள்."

நான் முன்னால் நடந்தால் என் முதுகுக்குப் பின்னால் தப்பித்துக்கொள்ளலாம் என்றுதான் வழிகாட்டியை வேண்டாம் என்றாளாம்!

"நாளைக்கு நாம ரெண்டு பேர் மாத்திரம் போய்க் கண்டிட்டு வந்தா?"

மனம் குதித்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது கேள்வித்தாளை முன்கூட்டிப் பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதுவது. வேண்டாம் என்றேன். பஸ்ஸில் எல்லோரிடமும் நானே சொல்லிவிடுகிறேன், உன் பெயர் வராது என்றேன். பா. குடையை மறந்து மழையில் போய்விட்டாள்.

துலாம் 7, ஞாயிறு. காலை 5½.

வானம் தெளிவு. புளியோதரை, வெற்றிலை, சால்வை, தண்ணீர்ச் செம்பு எடுத்தாயிற்று. காந்திமதி: "ஏறினதும் சொல்லிடு அக்கா. விட்டா தக்கலையில இறங்கற வரைக்கும் வாயத் திறக்கமாட்டே." உண்மைதான். வழியில் வரும் நெய்யாற்றின்கரைக்கு முன் சொல்லிவிட வேண்டும். என்ன சொல்லித் தொடங்குவது?

பஸ் இன்னும் வரவில்லை. பா. வந்துவிட்டாள், அந்த ஆறு பேரோடு. முற்றத்தில் நிற்கிறார்கள். அவள் ஏதோ சொல்கிறாள், மெதுவாக. இப்போது ஒரு குட்டியின் குரல், நன்றாகக் கேட்கிறது: "அப்போ ரெண்டு டீச்சரும் கண்டிட்டே இல்லையா?"

பா. தலையாட்டுகிறாள். அந்த ஆறு பேர் நடுவில் அவள் தனியாக நிற்கிறாள். நான் வெளியே போகவேண்டும்.