அண்ணி சொன்னதும் நான் சொன்னதும்

மார்ச் 4, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். எழுதினாலாவது இந்தப் படபடப்பு அடங்குகிறதா பார்ப்போம்.

அண்ணியின் வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. "எப்படிம்மா ஆச்சு?" என்று டாக்டர் என்னிடம்தான் கேட்டார். அண்ணிக்குக் காது கேட்காது, வாய் பேச வராது. அவர்கள் சைகை இந்த வீட்டில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அதைச் சொல்லி எவ்வளவு பீற்றிக்கொண்டிருக்கிறேன்! அண்ணி இடது கையாலேயே சொன்னார்கள்: "உன் அண்ணன் முறுக்கிட்டார். இது மூணாவது தடவை."

நான் டாக்டரிடம், "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க" என்றேன். அண்ணனுக்கு வேலை போய்விடுமே, அம்மா உடைந்துவிடுவாளே... சாக்குக்கா பஞ்சம்?

அண்ணி என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு உதட்டைப் படிக்க வரும். அது எனக்குத் தெரியாதா என்ன?

டாக்டர் நம்பவில்லை போல. கட்டுப் போட்டுவிட்டு, பெண்கள் உதவி மையத்துக்குப் போகச் சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மார்ச் 7

அண்ணி மூணு நாளா என்கிட்ட பேசலை. ரசத்துக்கு உப்பு போதுமான்னுகூடக் கேட்கலை.

மார்ச் 11

"அந்த மையத்துக்குப் போகாட்டி வீட்டுக்கே வந்து நிப்பாங்க. நீயே கூட்டிட்டுப் போய் நாசூக்கா பேசி முடிச்சிடு" என்றான் அண்ணன், டாக்டர் கொடுத்த சீட்டைப் பார்த்துவிட்டு. நான் பெரிய ராஜதூதர்!

மையத்தில் இருந்த அலுவலர், "வீட்டு ஆளுங்க மொழிபெயர்க்கக் கூடாதும்மா. வெளியே உட்காருங்க" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னை விட்டா அவங்க பேசுறது யாருக்குப் புரியும்?" என்று கத்தினேன். அவர்களிடமே சைகை தெரிந்த ஒரு பெண் இருந்தாள். என்னைவிட வேகம், என்னைவிடத் தெளிவு. வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

கதவைச் சாத்தினார்கள். ஆனால் அது கண்ணாடிக் கதவு! பேச்சு வெளியே கேட்காது, சரி. கை தெரியுமே? முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கலாம். திருப்பவில்லை. திருட்டுப் புத்தி.

எனக்குத் தெரிந்ததும் சொன்னார்கள், தெரியாததும் சொன்னார்கள். கடைசியில் என்னைப் பற்றி: "அவ கெட்டவ இல்லை. ஆனா நான் சொல்றதை அவ மாத்திச் சொன்னா, நான் யார்கிட்ட போவேன்?"

கடவுளே.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன், "என்ன சொன்னா?"

"கதவைச் சாத்திட்டாங்க. தெரியாது."

அவனிடம் நான் சொன்ன முதல் பொய். நாக்கு கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை.

மார்ச் 14

அண்ணி போய்விட்டார்கள். அண்ணன் வேலைக்குக் கிளம்பியதும் மையத்து வண்டி வந்தது. "தடுடி, மரம் மாதிரி நிக்கிறியே!" என்றாள் அம்மா. நான் பையைத் தூக்கி வண்டியில் வைத்தேன். அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை.

மார்ச் 15

அண்ணன் தாம் தூம் என்று குதிக்கிறான். எங்கே இருக்கிறாள் என்று நூறு தடவை கேட்டுவிட்டான். நல்லவேளை, எனக்கு நிஜமாகவே தெரியாது.

மார்ச் 20

மையத்துக்குப் போனேன். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அண்ணி என்ன சொன்னார்கள், நான் டாக்டரிடம் என்ன சொன்னேன், இரண்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "இனி அந்த வீட்ல இருக்க முடியுமாம்மா?" என்றார் அலுவலர். எப்படி முடியும்? கடையில் என்னோடு வேலை பார்க்கிறவள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அம்மா போனில் அழுதாள். "கூடப்பிறந்தவனைக் காட்டிக் கொடுக்க உனக்கு எப்படிடி மனசு வந்துச்சு?"

வந்துச்சும்மா. ரொம்ப லேட்டா வந்துச்சு.

ஏப்ரல் 9

அண்ணி வீடியோவில் கூப்பிட்டார்கள்! கட்டுப் பிரித்துவிட்டார்களாம். நாளைக்கு வாடகைக்கு ஒரு அறை பார்க்கப் போகிறார்களாம். நான்தான் அவசரக்குடுக்கை ஆச்சே. "நானும் வர்றேன் அண்ணி, வீட்டுக்காரங்ககிட்ட நான் பேசுறேன்" என்றேன்.

அண்ணி சொன்னார்கள்: "பேசுறதுக்கு மையத்துல இருந்து ஆள் வர்றாங்க. நீ சும்மா கூட வா."

கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டேன்.