ஏழு துர்சுன்களின் துணி

ஏப்ரல் 8, செவ்வாய்

மழை. தேயிலைக்கு உரம் போடும் வேலை இன்றும் நடக்கவில்லை. அரசுத் தேர்வுப் புத்தகத்தில் நாலு பக்கம் படித்தேன். எதுவும் மனதில் நிற்கவில்லை.

ஹனிஃபெ அக்கா பிரசவத்துக்கு இங்கேயே வந்துவிட்டாள். ஏழாம் மாதம். அத்தான் சரக்குக் கப்பலில், ஆப்பிரிக்கக் கரையோரம் எங்கோ. முதல் கரு ஐந்தாம் மாதத்தில் போனது. அடுத்துப் பிறந்தவன் ஒன்பது நாள் இருந்தான். இது மூன்றாவது.

இரவுச் சாப்பாட்டில் அம்மா மறுபடி ஆரம்பித்தாள். நெத்திலி வறுவலைத் தட்டில் தள்ளியபடியே, "பையன்னா துர்சுன். இதுல பேச்சே கிடையாது."

"ஏம்மா, ஊர்ல தெமெல்-துர்சுன்னு ரெண்டு முட்டாளை வச்சு ஜோக் சொல்றதுக்கு ஆள் குறையுதா?" என்றாள் அக்கா.

"சிரிக்கட்டுமே. சிரிக்கறதுக்குப் பிள்ளை இருக்கணும்ல? போன தடவை நீ ஆசைப்பட்டபடி பொய்ராஸ்னு வச்ச. காத்தோட பேரு. காத்து மாதிரியே போயிட்டான்."

அக்கா கரண்டியை வைத்துவிட்டாள். அப்பா சோளரொட்டியைப் பாதியில் விட்டுவிட்டுக் கோழிக்கூண்டைப் பார்க்கப் போனார். மழையில், குடை இல்லாமல். அவர் பெயரும் துர்சுன்தான்.

எங்கள் மொழியில் நிற்கட்டும், இருக்கட்டும், போய்விட வேண்டாம் என்று பொருள். பிள்ளை தங்காத வீடுகளில் வைக்கிற பெயர். கல்லூரிக் கடைசி வருடத்தில் இந்தப் பெயரைப் பற்றித்தான் கட்டுரை எழுதினேன். அப்பா வயதுக்காரர்களில் எங்கள் சரிவில் ஏறக்குறைய வீட்டுக்கு ஒரு துர்சுன். என் வகுப்பில் ஒரே ஒருவன். இப்போது தொடக்கப் பள்ளியில் ஒருவருமில்லை. 'சிசு மரணம் குறைந்ததும் இப்பெயரின் தேவை முடிந்தது' என்று முடித்திருந்தேன். பேராசிரியர் அந்த வரிக்குப் பக்கத்தில் 'நன்று' என்று போட்டார்.

அப்போது அப்பாவிடமும் கேட்டேன், அவருக்கு ஏன் அந்தப் பெயர் என்று. "மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்று எழுந்து போய்விட்டார்.

ஏப்ரல் 15, செவ்வாய்

பையன். இரண்டு மாதம் முன்னாலேயே. நகர ஆஸ்பத்திரி. என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைகூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு.

அம்மா என்னை டாக்டரின் முன்னால் தள்ளினாள். "நீ படிச்சவ. நீ கேளு."

படித்தது சமூகவியல். "எப்படி இருக்கான்?" என்று மட்டும் கேட்டேன். அதையும் அவருக்குக் கேட்கும்படி கேட்கவில்லை போலிருக்கிறது. "என்னம்மா?" என்றார். மறுபடி கேட்டேன்.

"நுரையீரல் இன்னும் தயாராகல. நாளுக்கு நாள் பார்ப்போம். இப்போதைக்கு எதையும் சொல்ல முடியாது."

அம்மாவிடம் வந்து, "பரவாயில்லையாம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

ஏப்ரல் 17, வியாழன்

பெட்டியின் மேல் 'ஹனிஃபெயின் குழந்தை' என்று ஒட்டியிருக்கிறார்கள். அம்மாவுக்கு அதைப் பார்த்தாலே ஆகவில்லை. "பேரே இல்லாம யாரைக் கூப்பிட்டு நில்லுன்னு சொல்றது?"

பெயரைத் தொழுகை அழைப்போடு காதில் மூன்று முறை ஓத வேண்டும். அப்பன் கடலில் இருக்கிறான். தாத்தா ஓதலாம். அப்பா, "பிள்ளை வெளிய வரட்டும்" என்கிறார். அவ்வளவுதான் சொல்கிறார்.

அதனால் அம்மா வேறொரு வேலையை எடுத்துக்கொண்டாள். ஏழு துர்சுன்கள் உடுத்திய துணியில் ஆளுக்கு ஒரு துண்டு வாங்கி, சட்டை தைத்துப் பிள்ளைக்குப் போட வேண்டும். ஏழு பேரும் உயிரோடு இருக்கிற துர்சுன்களாக இருக்க வேண்டும். என் கட்டுரையில் இது ஒரு பத்தி. இப்போது அம்மா கையில் கத்தரிக்கோல்.

"உனக்குத்தான் யார் யார்னு தெரியுமே, எழுதினியே, வா" என்றாள். படித்ததற்கு முதல் முறையாக ஒரு வேலை கிடைத்திருக்கிறது.

ஏப்ரல் 19, சனி

முதலில் தேயிலை எடை போடும் இடத்து துர்சுன். தொப்பையும் சிரிப்புமாக இருப்பவர். விஷயத்தைக் கேட்டதும் சட்டை நுனியைத் தானே இழுத்து நீட்டினார்.

"வெட்டு அண்ணி, வெட்டு. என் பொண்டாட்டி கேட்டா உன் பேரைச் சொல்லிடறேன்." பிறகு என்னைப் பார்த்து, "நீ ஒரு கதை கேளு. துர்சுன் கடல்ல விழுந்துட்டான். கரையில தெமெல் கத்தறான், 'டேய் துர்சுன், நீந்துடா!' இவன் கத்தறான், 'எங்கம்மா நில்லுன்னுல்லடா சொன்னா!'"

அவரே சிரித்தார். அம்மாவும் சிரித்தாள், வாயைத் தலைத்துணி நுனியால் மூடிக்கொண்டு. அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று.

"மகளுக்கு யெத்தெர், போதும்னு பேரு. பேரனுக்கு நில்லுன்னு பேரு. உங்க வீட்டுல அல்லாவுக்கே உத்தரவு போடறீங்களே அண்ணி!"

ஆமாம். நான் மூன்றாவது பெண். போதும் என்று வைத்தார்கள். அதற்குப் பிறகு பையனும் வரவில்லை, யாருமே வரவில்லை. அந்தப் பெயர் மட்டும் பலித்தது.

காபிக்கடையில் இன்னொரு கிழவர் துர்சுன். தூங்கிக்கொண்டிருந்தார். அவர் நண்பர்கள் அவரை எழுப்பாமலே கோட்டின் உள்துணியை வெட்டச் சொன்னார்கள். மேலே ஆட்டுக்கொட்டகை துர்சுன் ஒரு முழுக் கால்சட்டையே கொடுத்தார்.

படகுக்கார துர்சுன் வீட்டில் அவர் மனைவி மட்டும் இருந்தாள். அவர் டிசம்பர் குளிரில் போய்விட்டாராம். எங்களுக்குத் தெரியாது. அவள் அலமாரியிலிருந்து அவர் சட்டையை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டாள். அம்மா அவள் கையைப் பிடித்து, "வேணாம் தங்கச்சி. போனவர் துணி செல்லாது" என்றாள். அவள் சட்டையை மடித்து மறுபடி உள்ளே கொண்டுபோனாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

கடற்கரைச் சாலை வரை இறங்கி இரண்டு துர்சுன்கள். ஒருவர் அம்மாவின் தூரத்து உறவு. இன்னொருவரிடம் நாங்கள் சொல்ல வாயெடுக்கும் முன்பே அவருக்கே புரிந்துவிட்டது. இவருடைய அம்மாவும் இப்படித்தான் வீடுவீடாகப் போனாளாம்.

கைபேசிக் கடைக்குப் போனோம். என் வகுப்பில் இருந்த அந்த ஒரே துர்சுன். நான் வெளியிலேயே நின்றிருப்பேன், அம்மா விடவில்லை.

"அத்தை, நான் இப்ப துர்சுன் இல்ல. கோர்ட்ல மாத்திட்டேன். தொருக்."

"ஏன்டா?"

"இராணுவத்துல ராத்திரியும் பகலும் ஜோக்கு. 'துர்சுன், நில்லு. துர்சுன், இன்னும் நில்லு.' ஒருத்தன் என்னை மழையில நிக்க வச்சுட்டே போயிட்டான்." சொல்லிவிட்டுத் தன் புதுச் சட்டையின் கைப்பட்டியைக் கத்தரிக்கு நீட்டினான். "இருந்தாலும் வெட்டிக்கோங்க. இருபத்தொரு வருஷம் அந்தப் பேர்லதானே இருந்தேன்."

அம்மா தலையை ஆட்டினாள். "வேணாம்பா. விட்டுட்ட பேரு."

அவன் முகம் சுருங்கியது. நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். 'மனசில் வைக்காதே' என்றாவது. அம்மாவை வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது?

திரும்பும் வழியில் பழைய அஞ்சல்காரர் துர்சுன் கிடைத்தார். ஆறு. "ஏழாவது வீட்டுலயே இருக்காரே" என்றாள் அம்மா. அப்பாவைச் சொல்கிறாள். அம்மா அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. 'பிள்ளைங்க அப்பா' என்பாள், கோபம் வந்தால் 'யோவ்'.

ஏப்ரல் 22, செவ்வாய்

அப்பா துணி தர மாட்டேன் என்றார்.

அம்மா முதலில் விளையாட்டு என்று நினைத்தாள். பிறகு சத்தம் போட்டாள். ஊரான் எல்லாம் கொடுத்தான், பெத்த மகளோட பிள்ளைக்கு நீ தர மாட்டியா, உனக்கு என்ன நெஞ்சு. அக்கா அடுத்த அறையில் இருந்தாள், பால் சுரந்து மார்பு கட்டி, காய்ச்சலோடு.

அப்பா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து தரையைப் பார்த்துச் சொன்னார்.

"என் துணி செல்லாது. நீதானே சொன்ன, போனவன் துணி செல்லாதுன்னு."

"என்ன உளர்ற?"

"துர்சுன் நான் இல்ல. எனக்கு முன்னாடி ஒருத்தன் பொறந்தான். அவனுக்குத்தான் அந்தப் பேரை வச்சாங்க. ரெண்டு வயசு வரைக்கும் இருந்தான். போனதும் நான் பொறந்தேன். பதிவாபீஸுக்கு மலை இறங்கிப் போகச் சோம்பல். அவன் காகிதம் இருந்துச்சு, பேரும் இருந்துச்சு. அதையே எனக்குக் கொடுத்துட்டாங்க. இராணுவத்துக்குக் காகிதத்துல இருபது வயசு, ஆளு பதினெட்டு. துப்பாக்கியே என்னைவிட உயரம்."

அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினார்.

"நில்லுன்னு அவனைத்தான் சொன்னாங்க. அவன் நிக்கல. அத்திமரத்தடியில கெடக்கான். மேல பேர் எழுதல, ஏன்னா பேரை நான் போட்டுக்கிட்டு அலையறேன்."

எங்கள் தோட்டத்து அத்திமரத்தடியில் ஒரு தட்டைக் கல். அதைச் சுற்றி உரம் கொட்ட அப்பா விடமாட்டார். வேர் வெந்துவிடும் என்பார். நானும் நம்பினேன். எங்கள் சரிவில் எத்தனை பேர் இப்படி? கட்டுரைக்காக நான் எண்ணியதெல்லாம் யாரை?

அம்மா தேயிலை வெட்டும் பெரிய கத்தரியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கொடியில் அப்பாவின் நீலச் சட்டை காய்ந்தது. அதன் கீழ்நுனியை வெட்டிக் கையில் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"முப்பத்தஞ்சு வருஷமா என் எதிர்ல நிக்கற. யார் பேர்ல நின்னா எனக்கென்ன?"

அப்பா முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார்.

ஏப்ரல் 23, புதன்

நாடெங்கும் குழந்தைகள் தின விடுமுறை. ஆஸ்பத்திரி வராந்தா முழுக்கக் கொடியும் பலூனும். உள்ளே போகும் அம்மாக்கள் எல்லாரும் தரையைப் பார்த்து நடக்கிறார்கள்.

சட்டை தைத்தாகிவிட்டது. பொம்மைக்குப் போடலாம், அவ்வளவுதான். நர்ஸிடம் நான்தான் பேசினேன். "துவைச்சு இஸ்திரி போட்டுக் கவர்ல போட்டுத் தாங்க. பெட்டி மேல வைக்கிறேன். உள்ள வைக்க முடியாது, ஒடம்புல படக் கூடாது." அவள் சிரிக்கவில்லை. அதற்கே எனக்கு அழுகை வந்தது.

ஏப்ரல் 24, வியாழன்

அப்பா தானாகவே கிளம்பினார். சவரம் செய்துகொண்டு, வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு. அத்தானுக்குப் பதிலாக அவரை விட்டார்கள். கண்ணாடிக்கு வெளியே இருந்து நானும் அக்காவும் பார்த்தோம். பெட்டியின் வட்டத் துவாரத்துக்கு அருகில் குனிந்து, உதடு அசைவது மட்டும் தெரிந்தது. கடைசியில் மூன்று முறை ஒரே அசைவு.

வெளியே வந்ததும் அக்கா கேட்டாள், "என்ன பேருப்பா வச்சீங்க?"

"உங்கம்மா சொன்ன பேருதான்."

பிறகு மெதுவாக, "கேட்டான்மா. காலை அசைச்சான்" என்றார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

மூச்சுக் குழாயில் ஆக்ஸிஜன் அளவைக் குறைத்திருக்கிறார்கள். பால் இரண்டு சொட்டு. அம்மா ஆறு துர்சுன்களுக்கும் போன் போட்டுச் சொன்னாள்.

ஏப்ரல் 30, புதன்

தொற்று. டாக்டர் இந்த முறை தானாகவே வந்து பேசினார். என்னிடம் அல்ல, அப்பாவிடம். உட்காரச் சொல்லிவிட்டுப் பேசினார்.

'பெயரின் தேவை முடிந்தது.' வராந்தாவில் உட்கார்ந்து அந்த வரியையே நினைத்துக்கொண்டிருந்தேன். குறைவது என்றால் யாருமே இல்லாமல் போவது இல்லை. மிச்சம் இருக்கிறவர்கள் இந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மே 2, வெள்ளி

விடியற்காலையில் போய்விட்டான்.

மே 4, ஞாயிறு

நேற்று அடக்கம். பெண்கள் இறங்கவில்லை, ஜன்னலிலிருந்து பார்த்தேன். அத்திமரத்தடியில் அப்பாவே தோண்டினார். தேயிலை எடை துர்சுன் மண்வெட்டியை வாங்கப் போனார், கொடுக்கவில்லை. காபிக்கடைக் கிழவரைத் தவிர மற்ற துர்சுன்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். கொஞ்சம் தள்ளி, தொருக்கும்.

நர்ஸ் சட்டையைக் கவரோடு திருப்பிக் கொடுத்தாள். அக்கா அதைத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறாள். அம்மா அதைக் கேட்கவில்லை.

மே 11, ஞாயிறு

அன்னையர் தினமாம். அக்காவின் கைபேசியில் காலையிலிருந்து கடைகளின் வாழ்த்து வந்துகொண்டே இருக்கிறது. நான் எடுத்து அணைத்து வைத்தேன்.

"டாக்டர் ஒரு வருஷம் பொறுத்து அடுத்த பிள்ளைக்குப் பார்க்கலாம்னாரு" என்றாள் அக்கா. "நான் இனி மாட்டேன்னு சொல்லிட்டேன்." அத்தானிடம் சொன்னாளா என்று கேட்டேன். கடல்ல சிக்னல் இல்ல, என்றாள்.

மே 20, செவ்வாய்

முதல் அறுவடை தொடங்கிவிட்டது. அக்காவும் கத்தரி பிடிக்கிறாள். தேர்வுக்குக் கட்டணம் கட்ட நேற்றுதான் கடைசி நாள். கட்டவில்லை.

சாயங்காலம் அப்பா இரண்டு பலகைகளோடு இறங்கினார். செஸ்நட் மரம், எழுத்தைத் தானே செதுக்கியிருக்கிறார். ஒன்றைப் புது மண்ணின் தலைமாட்டில் நட்டார். இன்னொன்றைத் தட்டைக் கல்லுக்குப் பின்னால். இரண்டிலும் ஒரே பெயர்.

மூட்டை எடுக்க வந்த தேயிலை எடை துர்சுன் பார்த்துவிட்டு, "என்னய்யா, உயிரோட இருக்கும்போதே உனக்குப் பலகை நடறியா?" என்றார்.

"என்னோடது இல்ல. அவனோடது. கொடுத்துட்டேன்."

"அப்ப உன்னை என்னன்னு கூப்பிடுறது?"

அப்பா பலகையடி மண்ணைக் காலால் அழுத்தினார். நீலச் சட்டை போட்டிருந்தார். வெட்டிய நுனி நூல் பிரிந்து தொங்கியது. எடை துர்சுன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். ஜோக் எதுவும் சொல்லவில்லை.

இருட்டத் தொடங்கியும் அப்பா மேலே வரவில்லை. இரண்டு பலகைகளுக்கும் நடுவில் உட்கார்ந்தே இருந்தார். அம்மா வாசலுக்கு வந்தாள். 'பிள்ளைங்க அப்பா' என்று வாயெடுத்தாள் என்று நினைக்கிறேன், நிறுத்திக்கொண்டாள். கைகள் இரண்டையும் வாயருகே குவித்துச் சரிவு முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள்.

"துர்சுன்!"

கீழே அந்தப் பெயரில் மூன்று பேர். ஒருவர் மட்டும் திரும்பிப் பார்த்தார்.