சட்டாம்பிள்ளைக்கு வைத்த வேறு பெயர்

ஜூன் 4
இருந்தவர்கள்: நான், பெரியவன், மருமகள், ஆட்டோக்காரர், என் நாய் சட்டாம்பிள்ளை. தெருவையே அதட்டி வைத்திருந்ததால் அந்தப் பெயர். இனி நான் இருக்கப்போகும் பெரியவன் வீட்டு அடுக்குமாடியில் நாய் கூடாதாம். அதனால் சட்டாம்பிள்ளை நாய்கள் காப்பகத்துக்கு. "நீ வராதேம்மா, நீ அழுதா அதுவும் அழும்" என்று பெரியவன் தனியாகக் கூட்டிப்போனான். மருமகள் அவசரமாக நாய்த்தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். யாருக்காம்?

ஜூன் 6
நாலாவது மாடி. காற்று வருகிறது. வேறு யாரும் வருவதில்லை.

ஜூன் 9
"ஒரு மாசம் யாரும் பாக்கப் போகக்கூடாதாம்மா, அப்பதான் பழகுமாம்" என்கிறான் பெரியவன்.
எனக்குத் தெரியாத இடமா? அந்தக் காலத்தில் அந்தக் காப்பகம் நகராட்சி நாய்ப்பட்டி. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை அங்கேதான் நாய் பிடிக்கும் வேலை பார்த்தார். மூன்று நாளில் சொந்தக்காரர் வராவிட்டால் கொன்றுவிடுவார்கள். நாலாம் நாள் யாராவது அழுதுகொண்டு வருவார்கள் என்று இவர் சிலதைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறைத்துக் கட்டுவார். அது தெரியாமல் ஒரு டீச்சரம்மா வண்டியை மறித்து, நடுத்தெருவில் இவரைக் கொலைகாரன் என்றாள். பட்டியைக் காப்பகமாக்கியதும் அவள் கூட்டம்தான். நல்ல காரியம். ஆனால் அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது.

ஜூன் 20
பாதிச் சோற்றைத் தட்டோரம் ஒதுக்கிவிட்டேன். பழக்கதோஷம். "என்ன அத்தை, பசிக்கலையா?" என்றாள் மருமகள்.

ஜூலை 5
காப்பகத்துக்குப் போனேன். அதே டீச்சரம்மா, கைத்தடியோடு. கொல்லும் அறை இருந்த இடத்தில் நாய்க்குட்டிகள் தூங்குகின்றன.
"உங்க நாயாம்மா அது? கொண்டுவந்தவரு தெருவுல கெடந்துச்சுன்னு சொல்லித்தானே விட்டுட்டுப் போனாரு. சொந்தக்காரங்க வருவாங்களான்னு ரெண்டு வாரம் பாத்தோம். அப்புறம் வெளியூர்க்காரங்க வளர்க்கக் கேட்டாங்க, குடுத்துட்டோம்."
ஒரு மாதம் பார்க்கக்கூடாது என்று அங்கே சட்டமே இல்லை.
பெயரைக் கேட்டாள். சொன்னேன். "நாங்க மணின்னு கூப்பிட்டோம். திரும்பியே பாக்கல" என்றாள். கேட்டுத் திரும்ப வாங்கித் தரவா என்றாள். வாங்கி எங்கே வைப்பேன்? அவன் பெயரையாவது அவர்களிடம் சொல்லச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தாள், குடித்தேன். கொலைகாரன் என்றது அத்தோடு போகட்டும்.

ஜூலை 6
ஏன்டா என்றேன். "வீட்டு நாய்னா அங்க சேக்க வரிசையில காத்திருக்கணும், மாசக்கணக்காகும்மா. அதுவரைக்கும் நீ அந்த வீட்டை விட்டு நகர மாட்டே."
நகர்ந்திருக்க மாட்டேன்தான்.
டீச்சரம்மாவை விட்டாயிற்று. தட்டைக் கழுவியவளையும் விட்டாயிற்று. மன்னிக்காதது ஒருவனை மட்டும். நான் பெற்ற பெரியவன்.