மார்ச் மாத ஜெபக் கடிதம்

மார்ச் 3, திங்கள்

காலை எட்டு மணிக்கே வெயில் சுடுகிறது. தண்ணீர் மோட்டார் மறுபடி படுத்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பரமக்காவின் கிணற்றில் நாலு வாளி.

ஜெபக் கடிதம் இன்னும் போகவில்லை. எங்களைக் கடல் தாண்டி இங்கே ஊழியத்துக்கு அனுப்பிய திருநெல்வேலி சபைக்கு மாதாமாதம் ஒரு பக்கம், ஒரு படம். நேற்று ஆராதனைக்கு ஏழு பேர், எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து. இதை எப்படி எழுத? லேப்டாப் முன்னால் கன்னத்தில் கையோடு இவர். "ஏதாவது சொல்லேன்."

நான்தான் சொன்னேன், பரமக்காவைப் பற்றி எழுதுங்க என்று. போன வாரம் வெங்காயம் ஆய்ந்துகொண்டே அக்கா சொன்ன கதை. யுத்தம் முடிந்த நாட்களில் ஒரே மகன் சுதனைத் தன் கையாலேயே இராணுவத்திடம் ஒப்படைத்தது. அவன் பஸ்ஸில் ஏறியது. அதோடு சரி, இன்றுவரை தகவல் இல்லை.

"காணாமல்போன மகனுக்காகக் காத்திருக்கும் தாய்" என்று இவர் எழுதினார். ஊரில் அது யாருக்கு உறைக்கும்? "போரில் மரித்துப்போன ஒரே மகன்" என்று மாற்றினேன். படம்: அக்கா கிணற்றடியில். மதியம் அனுப்பியாயிற்று.

மார்ச் 5, சாம்பற்புதன்

மருதனார்மடம் சந்தை. கத்தரிக்காய், தேங்காய், நெருப்புப்பெட்டி. விசா நீட்டிக்கப் போட்டோ எடுக்க மறந்துவிட்டேன்.

ஊரிலிருந்து வாட்ஸப்பில் ஆமென் மேல் ஆமென். வாசித்து அழுதேன் என்று சபைச் செயலர். இவ்வளவு பேர் நம் கடிதத்தை வாசித்ததே இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

மார்ச் 8, சனி

எழுதக் கை வரவில்லை.

பத்து மணி இருக்கும். எப்போதும் வேலி இடுக்கால் வரும் பரமக்கா இன்று வாசல் படலையைத் திறந்து வந்தார். கையில் போன். எங்கள் கடிதம் யார் யார் கையோ மாறி, கனடாவில் இருக்கும் அவர் தங்கை மகளுக்குப் போயிருக்கிறது. அவள் படத்தைப் பார்த்து, பெரியம்மா, சுதன் அண்ணை செத்திட்டாரோ என்று கேட்டு அனுப்பியிருக்கிறாள்.

படம் போட்டதற்குத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து என் கையைப் பிடித்தார்.

"தங்கச்சி, ஒளிக்காமல் சொல்லுங்கோ. நீங்கள் வெளியிலை நாலு பேரோடை தொடர்புள்ள ஆக்கள். உங்களுக்கு ஆர் சொன்னது? எங்கை வைச்சு? கடைசியிலை தண்ணி கேட்டவனாமோ?"

எங்களுக்குச் செய்தி தெரிந்துதான் எழுதினோம் என்று நம்பிவிட்டார். நான் வாய் திறக்குமுன் அழத் தொடங்கிவிட்டார். அப்படி ஓர் அழுகையை நான் கேட்டதில்லை. தெருவில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். கட்டிப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான். உண்மையைச் சொல்லவில்லை. கோழை.

மார்ச் 9, ஞாயிறு

ஐந்து பேர். இவர் பிரசங்கத்தைப் பாதியில் முடித்தார்.

பின்னேரம் பரமக்காவின் கணவர் வந்தார். நாலு வருஷத்தில் எங்கள் வீட்டுக்குள் முதல் தடவை. உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினார்.

"உது நீங்கள் சும்மா எழுதினது எண்டு எனக்குத் தெரியும் ஐயா. அவளுக்குச் சொல்ல வேண்டாம். பதினாறு வருசமாப் படலையைப் பாத்துக்கொண்டிருந்தவள். நேற்றுத்தான் அழுது முடிச்சு நித்திரை கொண்டவள். செவ்வாய்க்கிழமை கீரிமலைத் தீர்த்தத்துக்குப் போக வான் பிடிச்சிட்டன். மகன்ரை கிரியை முடியட்டும்."

அவர் போன பிறகு எங்களுக்குள் சண்டை.

"நம்ம பொய்யை வச்சு ஒரு பையனுக்குக் கருமாதி பண்ண விடலாமா?" என்றார் இவர்.

"அவங்க தூங்கட்டுமே."

"எழுதினது நீ. நீதான் சொல்லணும்." இத்தனை வருஷத்தில் இவர் இப்படிக் கடுமையாகப் பேசியதில்லை. சாப்பிடவும் இல்லை. ஜெபிக்க உட்கார்ந்தேன், ஆண்டவரிடம் என்ன கேட்பது என்றே தெரியவில்லை.

மார்ச் 10, திங்கள்

மோட்டார் சரியாகவில்லை. வாளியோடு நிற்கிறேன், அக்கா வேலியடிக்கு வந்தார். முகம் வீங்கியிருந்தாலும் நிதானமாக இருந்தார். குளித்து, தலை முடிந்து.

"தங்கச்சி, ஐயர் திதி பாக்கவேணுமாம். செத்த திகதியைக் கேக்கிறார். அதை மட்டும் சொல்லுங்கோ, வேறை ஒண்டும் கேக்கமாட்டன்."

ஒரு திகதி. ஏதாவது ஒன்று. வாய்வரை வந்தது. பின்னால் அக்காவின் கணவர், அண்ணை, தலையை ஆட்டாமல் கண்ணாலேயே கெஞ்சுகிறார். சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளையை நானே இரண்டாம் முறை சாகடித்ததாகியிருக்கும். வருஷா வருஷம் அந்த நாளில் அக்கா சோறு படைப்பார், நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பேன்.

"ஒருத்தரும் சொல்லல அக்கா. நானா எழுதினது. மன்னிச்சிருங்க."

அக்கா இன்னும் கிட்ட வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"அப்ப அவன் செத்ததை ஒருத்தரும் காணேல்லையோ?"

"இல்லக்கா."

"அப்ப இருக்கிறான்."

என் கையை வேலிக்கு மேலாக எட்டிப் பிடித்து, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். பிறகு வேகமாகப் போய்த் தெருப் படலையை அகலத் திறந்துவைத்தார்.

அண்ணை கிணற்றுக்கட்டில் இருந்தபடி போனை எடுத்தார். "தம்பி, நாளைக்கு வான் வேண்டாம்." அந்தப் பக்கம் வான்காரன் ஏன் என்று கேட்டிருப்பான். அண்ணை போனைக் காதிலேயே வைத்தபடி திறந்த படலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.