சுகந்திக்கு ஒரு வெள்ளை வீடு

1981 ஜூலை 3, வெள்ளி

வெயில். மேற்கேயிருந்து கொஞ்சம் காத்து. மயில் பார்டர் கிராப் தாளில் வரைந்து முடிச்சுக் குடுத்தாச்சு. முதலாளி, "மயிலுக்கு மூக்கு பெருசா கீதுப்பா, சேலை கட்டறவ பயந்துடுவா" என்றார். பெருசுதான். மனசு இருந்தால்தானே மூக்கு சரியா வரும்.

சுகந்தி படவேட்டில் அவங்க அம்மா வீட்டுக்குப் போய் நாலு மாசம். இன்னைக்கு லெட்டர். மூணே வரி. "19ஆம் தேதி ஞாயிறு அண்ணன்கூட வர்றேன். வந்து பாக்கறேன். இருப்பேன்னு சொல்லல."

பெண்டாட்டி எழுதற லெட்டரா இது? வக்கீல் நோட்டீஸ் இதைவிடப் பிரியமா இருக்கும். ஆனாலும் சட்டைப் பையிலேயே வெச்சுகினு திரியறேன்.

மார்ச்சில் குழந்தை பொறந்து அழவேயில்லை. பேரும் வெக்கல. ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா படவேட்டுக்குப் போனவ இன்னும் இந்த வாசப்படி மிதிக்கல. போன மாசம் போய்க் கூப்பிட்டேன். "அந்த வீட்டை நினைச்சாலே மூச்சு முட்டுதுங்க. ஒரே இருட்டு" என்றாள். குழந்தையைப் பத்தி அவளும் பேசல, நானும் பேசல. மாமியார் வெச்ச காப்பியைக் குடிச்சிட்டு பஸ்ஸுக்கு வந்துட்டேன். பஸ் ரெண்டு மணி நேரம் வரல.

இருட்டு உண்மைதான். நாங்க குடி வர்றதுக்கு முன்னாடி இது தறி வீடு. காத்தடிச்சா இழை அறும்னு ஜன்னலை உள்ளங்கை அளவுக்கு வெச்சிருக்கான் கட்டினவன். சுவர் கீழ்ப்பாதி பச்சை, மேல்பாதி புகை.

பதினாறு நாள் இருக்கு. ஏதாவது செய்யணும். என்ன?

ஜூலை 5, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். பிரசங்கம் காதில் ஏறல. ஜன்னல்களையே எண்ணிகினு இருந்தேன். பக்கத்துக்கு ஆறு. ஆண்டவருக்கு மட்டும் நல்ல காத்து.

வந்ததும் சு.வோட டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். தப்புதான். தேடினது கிடைச்சுது. கல்யாணத்துக்கு முன்னாடி அவ டென்மார்க் நர்சம்மா ஒருத்தரோட குவார்ட்டர்ஸில் உதவிக்கு இருந்தா. அந்தம்மா ஊருக்குத் திரும்பறப்ப குடுத்துட்டுப் போன புஸ்தகம். அவங்க ஊர் வீடுகளோட படம். ஒரு எழுத்தும் புரியாது. கல்யாணமான புதுசில் சு. தினம் ஒரு பக்கம் காட்டுவா. "அந்தம்மா ரூமு இப்படித்தாங்க இருக்கும். உள்ள நுழைஞ்சா நெஞ்சு லேசாயிடும்." நான் பாதி தூக்கத்தில் ம் கொட்டுவேன். மடையன்.

இன்னைக்கு உக்காந்து பார்த்தேன். வெள்ளைச் சுவர். பலகைத் தரை, அதுவும் வெளுப்பு. நாற்காலிக்குக் கொக்கு மாதிரி கால். ஜன்னலுக்குக் கம்பியே இல்லை. அந்த ஊரில் திருடனே கிடையாதா? ஒரு அறைக்கு நாலே சாமான். பட்டப்பகலில் மேசையில் மெழுகுவத்தி. பாட்டிலில் ஒரே ஒரு மரக்கிளை, பூகூட இல்லை.

எங்கம்மா எட்டிப் பார்த்துட்டு, "பாவம்டா, ஒண்ணுமில்லாத ஜனங்க போல கீது" என்றது.

எனக்கு அரக்குச் சிவப்பும் மாம்பழ மஞ்சளும்தான் பொழப்பு. வெள்ளைன்றது எனக்கு இன்னும் வரையாத தாள். ஆனா இவளுக்கு அதுதான் வேணும். செய்யலாம்.

ஜூலை 6, திங்கள்

எடுக்க வேண்டியது: காலண்டர் (ஏழு, அதில் நாலு போன வருஷத்தது). பிளாஸ்டிக் ரோஜா. கல்யாண போட்டோ தவிர மத்த போட்டோ எல்லாம். உடைஞ்ச ரேடியோ. அரிசி மூட்டை, அடுப்பங்கரைக்கு. அம்மாவோட மூணு தகரப் பெட்டி (பெரிய யுத்தம் வரும்).

செய்ய வேண்டியது: சுண்ணாம்பு. ஜன்னலுக்குத் துணி. பாய். வெளிச்சத்துக்கு வழி???

சாயங்காலம் யுத்தம் வந்தது. ரெண்டு பெட்டி போகும், ஒண்ணு இருக்கும்னு சமாதானம் ஆச்சு.

ஜூலை 9, வியாழன்

வெள்ளையடிக்க முனுசாமி வந்தான். தெருவே விசாரிக்குது. "இன்னா தேவசகாயம், கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாள் கீதே? வூட்ல கல்யாணமா?" எல்லாருக்கும் பதில் சொல்லி வாய் வலி.

நீலம் போடாதேன்னு முனுசாமிகிட்ட ரெண்டு தடவை சொன்னேன். பட்டறைக்குப் போய்ட்டு மதியம் வந்தா சுவர் வானம் மாதிரி இருக்கு. "நீலம் போடலன்னா வெள்ளை மஞ்சளா தெரியும் சார். முப்பது வருசமா போடறேன், எங்கிட்டயே சொல்றியே!" கத்திட்டேன். அவனும் கத்தினான். மட்டையைக் கீழே போட்டுட்டு பீடி பத்த வெச்சான். அம்மா ரெண்டு பேருக்கும் மோர் குடுத்தது.

நாலு மணிக்குக் காய்ஞ்சுது. வெள்ளை. கொஞ்சமே கொஞ்சம் நீலம் கலந்த வெள்ளை. புஸ்தகத்தை எடுத்துகினு வந்து சுவரோடு வெச்சுப் பார்த்தேன். அச்சா அதேதான். நிறம் தெரிஞ்சவன்னு பெருமை பேசறவன் நான். முனுசாமிகிட்ட மன்னிப்பு கேட்டேன். "உடு சார், பேஜார் பண்ணாத" என்றான்.

ஜூலை 11, சனி

வெளிச்சத்துக்கு வழி முனுசாமியே சொன்னான். கூரையில் நாலு மண் ஓடு எடுத்துட்டு கண்ணாடி ஓடு போடறது. வீட்டுக்காரர் சரின்னுட்டார். பத்து மணிக்கு முதல் ஓடு மாட்டினதும் வெளிச்சம் தரையில் தொப்புனு விழுந்தது. அம்மா காலை இழுத்துகிச்சு, சுடற மாதிரி. அப்புறம் அதில் போய் உக்காந்து அரிசி பொறுக்குது.

மேலே உத்தரத்திலேர்ந்து முனுசாமி கேட்டான்: "சார், இந்தக் கொக்கி இருக்கட்டுமா, கழட்டவா?"

தூளி கட்டறதுக்குன்னு பிப்ரவரியில் நான் போட்ட கொக்கி. அன்னைக்கே அம்மா சொல்லிச்சு, "பொறக்கறதுக்கு முன்னாடி கொக்கி போடாதடா, ஆகாதுடா" என்று. நான் சிரிச்சேன். நாம என்ன சகுனம் பார்க்கற ஜனமான்னு பேசினேன். சு.கூட ஸ்டூலைப் பிடிச்சுகினு சிரிச்சா. வயித்தைப் பிடிச்சுகினு, "உங்க அப்பாவுக்கு அவசரத்தைப் பாரு" என்று உள்ளே இருந்த பிள்ளைகிட்ட சொன்னா.

நம்பிக்கை இல்லை எனக்கு. ஆனா நாலு மாசமா படுத்தா கண்ணு அங்கதான் போகுது. நான் போட்டதாலதானோ? அவ வந்து அண்ணாந்து பார்த்தா என்ன ஆவா?

"கழட்டு. நீயே எடுத்துகினு போ. என் கண்ணில் காட்டாத."

அம்மா அரிசியை விட்டுத் தலை நிமிரல.

ஜூலை 12, ஞாயிறு

அம்மா வீட்டைச் சுத்திப் பார்த்துட்டு, "ஆஸ்பத்திரி மாதிரியே கீது நைனா" என்றது. கெட்ட எண்ணத்தில் சொல்லல. வெள்ளைச் சுவர், காலி அறை. அவ அந்த மூணு நாள் படுத்துகினு இருந்த வார்டும் இதேதானே. நான் இதை யோசிக்கவேயில்லையே.

கோயிலுக்குப் போகல. எட்டு நாள் இருக்கு என்று விரல் விட்டு எண்ணினேன். ஏழுதான்.

ஜூலை 14, செவ்வாய்

யோசிச்சுப் பார்த்ததில்: ஆஸ்பத்திரியில் எல்லாம் வழவழன்னு, டெட்டால் வாசனை. புஸ்தகத்து வீடுகளில் மரம், நார், கம்பளி. தொட்டுப் பார்க்கணும்னு இருக்கும். அதுதான் வித்தியாசம்.

சாயம் போடாத வந்தவாசிப் பாய் கேட்டேன். பாய்க்காரர், "சிவப்புக் கரையாவது வெச்சிகோங்க, மொட்டையா இருக்குது" என்று கெஞ்சினார். ஜன்னலுக்குக் காடாத் துணி. நாற்காலியில் இருந்த கறுப்பு வார்னிஷை உப்புத்தாளால் தேய்ச்சேன். உள்ளே தேன் நிறத்தில் தேக்கு! இத்தனை வருஷம் அது மேல உக்காந்திருக்கேன், தெரியாது. விரல் நுனி எல்லாம் தேய்ஞ்சு நாளைக்குப் பென்சில் பிடிக்க முடியாது. மயிலுக்கு மூக்கு இன்னும் பெருசாகும்.

புஸ்தகத்தில் நாற்காலி மேல ஆட்டுத்தோல் போட்டிருக்காங்க. அம்மாகிட்ட காட்டினேன். "அதைப் போட்டா நான் களம்பூர்ல உங்க அக்கா வூட்டுக்குப் போயிடுவேன்." ஆட்டுத்தோல் ரத்து.

ஜூலை 16, வியாழன்

ஆடி பொறந்தாச்சு. நல்ல காத்து. திரைத்துணி பறக்குது.

நேத்து ஊறுகாய் பாட்டிலைக் கழுவி அதில் ஒரு வேப்பங்கிளை வெச்சு ஜன்னலில் வெச்சேன். அழகுன்னா அழகு. காலையில் பால்காரம்மா வாசலுக்கே வரல. தெருவில் நின்னுகினு, "யாருக்குங்க அம்மை?" என்றது. எதிர் வீட்டில் பிள்ளைங்களை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திட்டாங்க. வேப்பிலை வெச்சா அம்மை போட்ட வீடுன்னு அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? பொறந்ததிலேர்ந்து தெரியும். டென்மார்க் மயக்கத்தில் மறந்தே போச்சு. பதறி எடுத்துட்டு புங்கங்கிளை வெச்சேன். அம்மா சிரிச்சு சிரிச்சு இருமல் வந்து, தண்ணி குடுக்க வேண்டியதாப் போச்சு. இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாச்சு.

ஜூலை 18, சனி

எல்லாம் ரெடி. தரை ரெண்டு தடவை துடைச்சாச்சு. கோழி நாளைக்குக் காலையில் வாங்கணும். சு.க்குப் பிடிச்ச கத்திரிக்காயும்.

அம்மா வெங்காயம் உரிச்சுகினு இருந்தது. திடீர்னு, "அந்தக் கொக்கி விஷயம் நான் அன்னைக்கு வாயத் தொறந்திருக்கக் கூடாதுடா. நான் சொன்னதாலதான் ஆச்சோன்னு கர்த்தர்கிட்ட தினம் கேக்கறேன்" என்றது. நான் போட்டதாலன்னு நான். சொன்னதாலன்னு அது. ஒரே வீட்டில் நாலு மாசம் ஆளுக்கொரு மூலையில் இதையே நினைச்சுகினு இருந்திருக்கோம். "வெங்காயத்தைக் குடும்மா"ன்னு வாங்கி நானும் உரிச்சேன். அழறதுக்கு வசதி.

பயமா இருக்கு. அவ ராத்திரி தங்காம சாயங்கால பஸ்ஸுக்கே திரும்பிட்டான்னா? அப்புறம் எந்த முகத்தோட போய்க் கூப்பிடுவேன்? இதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் இல்லை.

ஜூலை 19, ஞாயிறு

பதினொரு மணிக்கு வந்தாங்க. மச்சான் கையில் ஒரே ஒரு சின்னப் பை. பார்த்ததும் எனக்குப் பாதி உசுரு போச்சு.

சு. இளைச்சிருக்கா. செருப்பைக் கழட்டிட்டு வாசப்படியிலேயே நின்னா. அப்புறம் உள்ளே வந்தா. சுவரைத் தொட்டா. நாற்காலியைத் தொட்டா. பாட்டிலையும் கிளையையும் பார்த்து, "புஸ்தகத்தை எடுத்தீங்களா?" என்றா. ஆமாம்னேன். உதடு கொஞ்சம் அசைஞ்சுது. பாய் மேல, கண்ணாடி ஓட்டு வெளிச்சத்தில் போய் நின்னு அண்ணாந்து பார்த்தா.

"கொக்கி எங்க?"

"கழட்டிட்டேன். நீ பார்த்தா கஷ்டப்படுவேன்னு."

மச்சான் வெளியே போயிட்டார். அப்புறம் சத்தமே இல்லாம சொன்னா: "குழந்தைக்கு வெச்சிருந்த துணியெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே யாருக்கோ குடுத்துட்டாங்க. முகத்தைக்கூட எனக்குச் சரியாக் காட்டல. நம்ம பிள்ளைக்குன்னு இந்த உலகத்தில் இருந்தது அது ஒண்ணுதாங்க. அதையுமா?"

செருப்புகூடப் போடல. முனுசாமி வீடு வரைக்கும் ஓடினேன், நடு வெயிலில். பழைய இரும்புக்குப் போட்டிருப்பான், போட்டிருப்பான்னு மனசு அடிச்சுகினே வந்தது. வாசலில் ஏணி. ஏணியில் சுண்ணாம்பு டப்பா. டப்பாவை மாட்டியிருந்தது நம்ம கொக்கியில். "நல்ல கொக்கி சார், தூக்கிப் போட மனசு வரல" என்றான். அவன் கையைப் பிடிச்சு கண்ணில் ஒத்திகினேன். வெயிலில் எனக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நினைச்சு தண்ணி கொண்டு வந்தான்.

கொக்கியோட வீட்டுக்கு வந்தேன், அது பூரா சுண்ணாம்பு. கழுவலாம்னேன். "வேணாம், அப்படியே போடுங்க" என்றா சு. பழைய ஓட்டையிலேயே திருகினேன். அவதான் ஸ்டூலைப் பிடிச்சுகினா. இறங்கினதும் என் தோளில் முகத்தை வெச்சு அழுதா, சத்தம் போட்டு, நாலு மாசத்துக்கும் சேர்த்து. நானும். அம்மா வந்து ரெண்டு பேர் தலையிலும் கை வெச்சு ஜெபம் பண்ணிச்சு.

கோழி அடி பிடிச்சுப் போச்சு. அப்படியே தின்னோம். நாலரை பஸ்ஸுக்கு மச்சான் கிளம்பினார். பையை எடுக்கப் போனார். சு. அதை நகர்த்தி சுவரோரம் வெச்சா. அவர் வெறுங்கையோட போனார்.

ஜூலை 20, திங்கள்

விடியக்காலையில் மழை. கண்ணாடி ஓடு ஒழுகுது. சரியா கொக்கிக்குக் கீழே, புதுப் பாய் மேல. நான் எழுந்து முனுசாமியைத் திட்டிகினே பாத்திரம் தேடறதுக்குள்ள, சு. ஸ்டூல் போட்டு ஏறி கொக்கியில் ஒரு தூக்குச்சட்டியை மாட்டிட்டா. டொக், டொக்.

முனுசாமியை இன்னைக்கே கூப்பிட்டுப் பூசச் சொல்லட்டுமான்னு கேட்டேன்.

"இப்ப எதுக்கு? ஐப்பசி மழை வரட்டும். எங்கெல்லாம் ஒழுகுதுன்னு பாத்துகினு மொத்தமா பண்ணலாம்" என்றா.