சாயிப்பின் தாக்கோல்

சாயிப்பே,

காலையில் மகன் வேலைக்குக் கிளம்பும்போது கிரில் கதவை வெளியே இருந்து பூட்டினான். படியில் நான் வழுக்கி விழுந்ததில் இருந்து தினமும் இதுதான். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வியர்த்த கையில் இரும்பு வாடை. உடனே உங்கள் ஞாபகம் வந்தது.

மூட்டு வலிக்கு வைத்தியம் பார்க்க ஆஸ்திரேலியாவில் இருந்து வந்து, சாஸ்தமங்கலத்தில் வாடகை வீடு எடுத்து, இங்கேயே தங்கிப்போன கிழவர் நீங்கள். வெள்ளைக்காரர் என்பதால் தெருவே சாயிப்பு என்றது. நான் சமைக்க வந்தவள். சண்டையில் ஜப்பான்காரனிடம் பிடிபட்டு, சயாம் காட்டில் ரயில் பாதை போட்டபோது, பக்கத்தில் மண் சுமந்த தமிழ்க் கூலிகளிடம் நாலைந்து வார்த்தை பிடித்துவைத்திருந்தீர்கள். அதனால் என்னிடமும் "அண்ணா, தண்ணி" என்றுதான் கேட்பீர்கள்.

"நான் பொம்பளயாக்கும் சாயிப்பே!"

"சரி, அண்ணா."

சிரித்தே எனக்கு வயிறு வலிக்கும்.

ஒருமுறை உங்களுக்குக் கடும் காய்ச்சல். விட்டால் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக நேர்ந்துகொண்டேன். விட்டது. நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். சட்டென்று வந்துவிடலாம் என்று, இங்கே எல்லாரும் செய்கிற மாதிரி, கிரில்லை வெளியே பூட்டிக்கொண்டு போனேன். தேங்காய் உடைத்துத் திரும்பினால் எங்கேயோ அடிதடியாம், திடீர் ஹர்த்தால். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. நடந்தே வந்து சேர உச்சி கழிந்துவிட்டது.

கட்டில் பக்கத்தில் விறைத்து நின்றீர்கள். கால் இரண்டும் சேர்ந்து, கை தொடையோடு ஒட்டி. உடுத்திருந்த வேட்டி நனைந்திருந்தது. என்னைக் கண்டதும் தெரியாத பாஷையில் ஒற்றை வார்த்தையைக் கத்தினீர்கள். மறுபடியும், மறுபடியும்.

சாயங்காலம்தான் பாதி வாயாலும் பாதி கையாலும் சொன்னீர்கள். அது எண். கைதி முகாமில் விடிந்ததும் வரிசையில் நின்று ஒன்று, இரண்டு என்று அவரவர் எண்ணை ஜப்பான் பாஷையில் சொல்லவேண்டுமாம். தப்பினால் அடி. முன்னால் நிற்கிறவர் செத்துப்போனால் மறுநாள் உங்கள் எண் ஒன்று குறையும். பூட்டிய கம்பியைக் கண்டதும், எண்ண ஆள் வரும் என்று காலை முழுக்க நின்றிருக்கிறீர்கள்.

அழுதுகொண்டே பூட்டைத் தூக்கி எறியப் போனேன். நீங்கள்தான் தடுத்தீர்கள். நான் சாவிக்குச் சொல்லும் வார்த்தை உங்களுக்கும் பழகியிருந்தது.

"பூட்டு போடு, அண்ணா. தாக்கோல் இங்கே" என்று உள்ளங்கையை நீட்டினீர்கள்.

அன்று முதல் ஒரு சாவி உங்களிடம். ஒருநாள்கூட நீங்கள் திறந்ததில்லை. கையில் இருந்தால் போதும். கடைசி நாள் உங்கள் விரல்களைப் பிரித்து அதை எடுத்தவள் நான்தான். சாவியின் பல் தோலில் பதிந்திருந்தது.

இன்று மகனிடம் கேட்டேன், "எனக்கும் ஒரு தாக்கோல் தா மக்களே" என்று.

"எதுக்கு, இனியும் போய் விழவா? சும்மா இரி அம்மா, சாயங்காலம் வந்து தொறக்கேன்" என்று போய்விட்டான்.

நான் எங்கேயும் போகமாட்டேன் என்பதை அவனுக்கு எப்படிச் சொல்வது?

உங்கள் சாவி என் முந்தானை முடிச்சில் இருக்கிறது. இந்தப் பூட்டுக்கு அது சேராது, தெரியும். ஆனாலும் உள்ளங்கையில் வைத்து இறுக்கி மூடிக்கொண்டால்தான் சாயங்காலம் வரை இருக்க முடிகிறது, அண்ணா.