முப்பது யூனிட்டுக்குள்

24 ஆகஸ்ட் 1959, திங்கள்

நேற்று மாலையிலிருந்து வள்ளிக்கண்ணுவுக்கு வயிற்றுவலி. மேல்வயிற்றில் பிடித்து முதுகுக்குள் குடைகிறது என்றாள். கல்யாணமான இந்த முப்பத்தாறு வருடத்தில் இவள் இப்படிச் சுருண்டு நான் பார்த்ததில்லை. காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து ஜட்கா பிடித்து, திருச்சியில் டாக்டர் இன்னாசிராஜின் நர்சிங் ஹோமில் சேர்த்தேன். "கணையம்னு தோணுது. சிறுநீர்ல டயாஸ்டேஸ்னு ஒரு நொதி, அதோட அளவைப் பார்த்துட்டா தெரிஞ்சிடும்" என்றார். வாயில் தண்ணீர்கூடக் கூடாதாம். கையில் குளுக்கோஸ் ஏறுகிறது.

சிறுநீர் பாட்டிலைத் தெப்பக்குளத்துப் பக்கம் இருக்கும் லேபுக்கு நானே எடுத்துப் போனேன். ஜெகபர் அலி என்று ஒருவர், நாற்பது வயது இருக்கும். டெஸ்ட் டியூபுகளை வரிசையாக நிறுத்தி, சிறுநீரை ஒவ்வொன்றிலும் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனார். எல்லாவற்றிலும் ஸ்டார்ச் கரைசல். அரைமணி நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துவிட்டு அயோடின். ஸ்டார்ச் மிச்சம் இருந்தால் நீலம் வரும். நொதி அதைத் தின்றுவிட்டிருந்தால் வராது. எத்தனையாவது டியூப் வரை நீலம் வரவில்லையோ அவ்வளவு நொதி. எட்டாம் வகுப்பில் நான் நடத்திய பாடம்தான்!

"முப்பது யூனிட்டுக்குள்ள இருக்கணும் சார். அம்மாவுக்கு ஐந்நூறைத் தாண்டிடுச்சு."

25 ஆகஸ்ட்

வலி கொஞ்சம் குறைவு. கண்ணயர்ந்தாள்.

26 ஆகஸ்ட், புதன்

டாக்டர் சொல்லிவிட்டார். பித்தப்பையில் கல் இருக்க வேண்டும், அதுதான் கணையத்தைக் கிளப்பிவிடுகிறது, உடம்பு தேறியதும் ஆபரேஷன். வள்ளி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் அக்கா மாரியாயி, வயிற்றில் கத்தி வைத்த மூன்றாம் நாள் போனவள். அன்று பக்கத்தில் இருந்தவள் வள்ளிதான்.

சட்டை எடுக்க வீட்டுக்குப் போகும்போது, பஸ் காவிரிப் பாலத்தில் ஏறுகிற நேரத்தில் ஒன்று நினைவுக்கு வந்தது. லேபில் அந்த மனிதர் பிப்பெட்டை, சிறுநீரை அளந்து எடுக்கும் கண்ணாடிக் குழாயை, வாயில் வைத்து உறிஞ்சினார். உதடு வெற்றிலைச் சிவப்பு!

முப்பது வருடமாக ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பையனைக் கூப்பிட்டு ஒரு வாய்ச் சோற்றை மெல்லச் சொல்வேன். மென்ற சோற்றில் அயோடின் விட்டால் நீலம் வராது. எச்சிலிலும் அதே வேலை செய்கிற நொதி இருக்கிறது. ஒரு சொட்டு எச்சில் போதும். அப்படியானால் அவர் அளந்தது யாருடைய நொதியை? என் மனைவியுடையதையா, தன் வாயில் ஊறியதையா?

இதை வைத்து வயிற்றைக் கிழிப்பார்களாம்!

27 ஆகஸ்ட்

லேபுக்குப் போனேன். நேரே கேட்டேன்.

"வெத்தலையைத் துப்பிட்டு, வாய் கொப்பளிச்சிட்டுத்தான் சார் பிப்பெட்டைத் தொடுவேன். மேல பஞ்சு அடைச்சிருக்கு பாருங்க, எச்சில் இறங்காது."

"இறங்கினா உனக்கெப்படித் தெரியும்?"

"அன்னைக்கே இன்னொருத்தருக்கும் பார்த்தேன் சார். அவருக்கு எட்டு யூனிட்டுதான். அதே வாய்தானே?" என்று சிரித்தார்.

சிரிப்பு! என் வள்ளி அங்கே உதட்டை நனைக்கத் தண்ணீர் கேட்டுக்கொண்டிருக்கிறாள், இவருக்குச் சிரிப்பு. என்ன கத்தினேன் என்று முழுதும் நினைவில்லை. ரத்தம் கொடுக்க வந்து உட்கார்ந்திருந்த வெள்ளையம்மாள் என்ற கிழவி, "ஐயா, கொஞ்சம் மெதுவா. எனக்கு இப்பவே படபடன்னு வருது" என்றது நினைவிருக்கிறது. திரும்பப் பார்க்க வேண்டும், வாய் படக்கூடாது, நான் பக்கத்தில் நிற்பேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

29 ஆகஸ்ட், சனி

பதினாறு.

இன்று காலை எடுத்த சிறுநீர். ரப்பர் குமிழ் மாட்டி உறிஞ்சச் சொன்னேன். பக்கத்திலேயே நின்றேன். பதினாறு யூனிட்! ஐந்நூறு எங்கே, பதினாறு எங்கே? அவரும் டியூபைத் தூக்கிப் பார்த்தார். "இறங்கிடுச்சு சார், நல்லதுதான்" என்றார். இறங்கிவிட்டதாம். தப்பு செய்தவன் வாயில் என்றைக்கு ஒத்துக்கொள்கிற வார்த்தை வந்திருக்கிறது?

31 ஆகஸ்ட்

டாக்டரிடம் இரண்டு ரிப்போர்ட்டையும் மேசைமேல் வைத்தேன். பொறுமையாகத்தான் பேசினார். "சார், வலி வந்த ரெண்டு மூணு நாள்தான் இது ஏறி நிக்கும். அப்புறம் தானா இறங்கிடும். வெள்ளம் வடிஞ்சு நாலு நாள் கழிச்சு ஆத்துல அளவுக்கோல் வெச்சுப் பார்த்துட்டு, வெள்ளமே வரலைன்னு சொல்ற மாதிரி இருக்கு நீங்க சொல்றது."

உதாரணம்! எனக்கே உதாரணம் சொல்கிறார். டாக்டரும் லேபும் ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

லேப் முதலாளிக்கு இரண்டு பக்கம் கடிதம் எழுதிக் கையில் கொடுத்தேன். வெற்றிலை, பிப்பெட், ஐந்நூறு, பதினாறு, எல்லாம் தேதியோடு. பத்திரிகைக்கும் எழுதுவேன் என்று கடைசியில் சேர்த்தேன்.

3 செப்டம்பர், வியாழன்

வள்ளியை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். எண்ணெய், நெய், கறி ஆறு மாதத்துக்குக் கூடாது என்று டாக்டர் எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டேன்.

ஜெகபர் அலியை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். முதலாளி ஆள் அனுப்பிச் சொன்னார். வள்ளியிடம் சொன்னேன்.

"அந்த மனுஷனுக்குப் புள்ளகுட்டி இருக்குமேங்க."

"உனக்கு வயித்தைக் கிழிக்கப் பார்த்தாங்க, அது தெரியலையா?"

"கிழிக்க வேணாம்னு நீங்க சொன்னதே எனக்குப் போதும். அவரு பொழப்புல ஏன் கை வெக்கிறீங்க?"

இவளுக்கு எல்லோர் மேலும் இரக்கம். யாராவது ஒருவர் கோபப்பட்டால்தானே ஊர் திருந்தும்?

11 செப்டம்பர், வெள்ளி

நேற்று மண்ணச்சநல்லூரில் மைத்துனன் அழகிரியின் மகளுக்குக் கல்யாணம். மத்தியானம் கறிச்சோறு. வள்ளி இலையில் வெறும் ரசம் சாதம் போடச் சொன்னாள். நான்தான் —

நான்தான் சொன்னேன். "சாப்பிடு வள்ளி, ரிப்போர்ட் என் பையில இருக்கு." அழகிரி, "மாமா சொல்லியாச்சு, அப்புறம் என்னக்கா" என்று இலையில் இரண்டு கரண்டி போட்டு, மேலே நெய்யும் ஊற்றினான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள்.

நாலு மணிக்கு வலி. போன தடவை வந்தது இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. வாந்தி நிற்கவில்லை. உடம்பு சில்லிட்டுவிட்டது. ரைஸ் மில்காரர் காரில் திருச்சிக்கு வந்தோம். வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களை யாரும் திட்டக் கூடாதுங்க" என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இன்று காலை டயாஸ்டேஸ் பார்க்கணும் என்றார். லேபில் இருக்கிற புதுப் பையனுக்கு அந்த டெஸ்ட் தெரியாதாம். யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரியும்.

பாலக்கரையில் ஜெகபர் அலியின் வீட்டைத் தேடிப் பிடித்தேன். அவர் மனைவி கதவைத் திறந்து, என்னை யார் என்று அறியாமல் உட்காரச் சொன்னாள். அவர் வெளியே வந்தார். நான் எழுந்தேன்.

"அம்மாவுக்கா?" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வாயில் வைத்துத்தான் உறிஞ்சினார். நுனியில் பஞ்சு இருந்தது. நான் எதிரே நின்றேன். ஏழாவது டியூபில் நீலம் வரவில்லை, எட்டில் இல்லை, ஒன்பதில் இல்லை. பத்தில்தான் வந்தது. மறுபடியும் ஐந்நூறுக்கு மேல்.

அன்றைக்கே சொன்னாரே, அதே வாய், இன்னொருவருக்கு எட்டு யூனிட் என்று. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழாய் இல்லாமல் சோதனையே இல்லை என்று எத்தனை நூறு பையன்களிடம் சொல்லியிருப்பேன்! அவர் அதைக் கையில் கொடுத்தார். நான் சிரிப்பைத்தான் பார்த்தேன். ஆபரேஷன் என்ற சொல்லுக்குப் பயந்தவன், அந்தப் பயத்தை இங்கே எழுதி வைக்கத் துணிச்சல் இல்லாமல் எச்சிலைப் பிடித்துக்கொண்டேன். முட்டாள். முட்டாள் வாத்தியார்.

14 செப்டம்பர்

பிழைத்துக்கொள்வாள் என்கிறார் டாக்டர்.

லேப் முதலாளியிடம் போய் என் கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன். எல்லாம் என் தப்பு என்று அங்கேயே எழுதிக் கொடுத்தேன். "நான் கூப்பிட்டுப் பார்த்தேன் சார். அவரு வரமாட்டேங்கிறாரு. தஞ்சாவூர்ல வேலை கிடைச்சிருச்சாம்" என்றார்.

19 அக்டோபர், திங்கள்

காலை எட்டுக்கு உள்ளே கொண்டு போனார்கள். பதினொன்றேகாலுக்கு வெளியே. கற்கள், கடலைப்பருப்பு அளவில், ஒரு சீசாவில் போட்டுக் காட்டினார்கள்.

22 அக்டோபர்

மூன்றாம் நாள். காலையில் கண் விழித்ததும், "இன்னைக்கு என்ன தேதிங்க?" என்று கேட்டாள். சொன்னேன். விரல் விட்டு எண்ணினாள். அப்புறம் மோர் கேட்டாள்.

22 நவம்பர், ஞாயிறு

வள்ளி வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. நேற்று, "ஒரு தடவை தஞ்சாவூர் போயிட்டு வந்துடுங்க" என்றாள்.

இன்று போனேன். ஞாயிற்றுக்கிழமையிலும் ஜெகபர் அலிக்கு டூட்டி. லேப் வாசல் பெஞ்சில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தவர் என்னைப் பார்த்ததும் நின்றார்.

"வாங்க சார். அம்மா எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்கா. கல்லை எடுத்தாச்சு."

"சாப்பாடு?"

"எண்ணெய் இல்லாமத்தான்."

"அதான் நல்லது."

பஸ்ஸில் வரும்போது சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தைகளை எடுத்தேன். "ஜெகபர் அலி, நான் அன்னைக்கு —"

"ஒரு நிமிஷம் சார், உள்ள டியூப் வெச்சிருக்கேன். நேரமாயிடும்" என்றார். குரலில் கோபம் இல்லை. போனவர் கதவருகில் திரும்பி, "உங்களுக்கு ஊருக்குப் பஸ் எத்தனை மணிக்கு சார்?" என்று கேட்டார்.

அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

"இப்ப இருக்கு" என்றேன்.